முறைப்படி தோற்ற கிளாஸ் சார்

உலகத்தில் எல்லோரும் பயிற்சி இல்லாமலேயே தோற்கிறோம். முறைப்படி பயிற்சி எடுத்து, சான்றிதழும் வாங்கி, அதற்கப்புறம் தோற்றவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். ஓசூர் நீதிமன்றத்தில் அவருக்குப் பெயர் கிளாஸ் சார்.

அவரும் என்னைப் போல வக்கீல்தான், என்னைவிடப் பல வருடம் மூத்தவர். எங்களுக்கு அவ்வப்போது சனிக்கிழமைகளில் பயிற்சி வகுப்பு நடக்கும். சாட்சியை எப்படி விசாரிப்பது, மேல்முறையீட்டை எப்படி எழுதுவது, வழக்கை எப்படிச் சமரசத்தில் முடிப்பது என்று வெளியூரிலிருந்து யாராவது வந்து சொல்லித்தருவார்கள். எங்களில் பாதிப்பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் தலைகாட்டுவோம். கிளாஸ் சார் மட்டும் மைக் வைக்கும் முன்பே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஓசூரில் வகுப்பு இல்லாவிட்டால் கிருஷ்ணகிரிக்குப் போவார். அங்கேயும் இல்லையென்றால் எல்லையைத் தாண்டிப் போய்க் கன்னடத்தில் கேட்டுவிட்டு வருவார்.

"உங்களுக்குக் கன்னடம் வருமா சார்?" என்று கேட்டேன்.

"பேசினா புரியும். சட்டம் பேசினா புரியாது. தமிழ்லயும் எனக்கு அப்படித்தானே தம்பி" என்றார், சிரிக்காமல். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒல்லியான உடம்பில், கறுப்பு வெளுத்துப் பச்சையாகிப்போன கோட்டுடன், எந்நேரமும் தீர்ப்பை எதிர்பார்த்து நிற்பவர் போலவே இருப்பார்.

குறுக்கு விசாரணை பற்றிய வகுப்பு நடந்த வாரம் ஓசூரில் எந்த ஓட்டல்காரரும் நிம்மதியாக இல்லை. ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், சாட்சி ஆமாம் இல்லை என்பதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று அதில் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்துக்கு எதிரே டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். சர்வர் தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது ஓட்டல். சரிதானே?" என்று ஆரம்பித்தார் கிளாஸ் சார்.

"ஆமாங்க" என்றார் சர்வர், கொஞ்சம் பயத்துடன்.

"நான் உள்ள வந்து உக்காந்தேன்."

"ஆமாங்க."

"நான் கேட்டது ரவா தோசை."

"ஆமாங்க சார்."

"இப்போ என் முன்னாடி இருக்கிறது ஊத்தப்பம்."

"ஆமாங்க சார்."

"அவ்ளோதான். நீங்க போகலாம்" என்று சொல்லிவிட்டு ஊத்தப்பத்தைச் சாப்பிட ஆரம்பித்தார்.

"ஏன் மாத்திக் குடுத்தீங்கன்னு கேக்கலையா சார்?" என்றேன்.

"'ஏன்'னு மட்டும் கேக்கவே கூடாதாம் தம்பி. கேட்டா சாட்சி விளக்கம் குடுத்துடுவான்."

அவருக்கு ஊத்தப்பம் ஒத்துக்கொள்ளாது. அன்று முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே வாதாடினார்.

அந்த வகுப்பின் கடைசிப் பாடம், போதும் என்று எப்போது உட்கார வேண்டும் என்பது. கிளாஸ் சார் சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்ததால் நேரமாகி, அந்தப் பாடம் நடக்கவே இல்லை. அதன் பலனைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ராகி விவசாயி ஒருவர் அனுபவித்தார்.

பக்கத்து நிலத்தின் வேலியைப் பிய்த்து எறிந்தார் என்று அந்த விவசாயி மீது வழக்கு. வேலியைப் பிய்த்தது யானை, தானில்லை என்பது அவர் தரப்பு. வேலிக்காரரைக் கூண்டில் ஏற்றி கிளாஸ் சார் விசாரித்தபோது நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தோம். அவ்வளவு அழகாகப் போனது. பொழுது சாய்ந்துவிட்டது, ஆமாம். பனி இறங்கியிருந்தது, ஆமாம். அந்தப் பக்கம் யானை வரும், ஆமாம். அந்த வாரமும் வந்தது, ஆமாம். நீதிபதி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் கிளாஸ் சார் தன் வாழ்க்கையிலேயே முதல் கிரிமினல் வழக்கை ஜெயித்திருப்பார்.

உட்காரவில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "அப்போ அன்னைக்கு நீங்க பாத்தது யானையைத்தான். சரிதானே?" என்றார்.

"யானை லுங்கி கட்டிக்கிட்டு வராதுங்களே சார்" என்றார் வேலிக்காரர்.

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைத் துடைத்தார். விவசாயிக்குத் தண்டனை ஆனது. அபராதத்தோடு போயிற்று என்றாலும், வேலி பிய்த்தவன் என்ற பெயர் ஊரில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளியே தூறலில் பஸ்ஸுக்குப் போகும்போது அவர் கிளாஸ் சாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நெஜமாவே யானைதாங்க சார். நான் கண்ணால கண்டன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சாரை அடித்துப்போட்டது.

விவசாயிக்காக மேல்முறையீடு செய்தே தீருவது என்று மேல்முறையீட்டு வகுப்பைத் தேடிப் போனார். நடந்த கதையைத் திரும்பச் சொல்லாதே, கீழ் நீதிமன்றம் எங்கே தவறியது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடு என்று அங்கே கற்றுக்கொடுத்தார்கள். பிறகு அவருக்குப் பார்க்கும் இடமெல்லாம் கீழ் நீதிமன்றமாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சாமியாரை மறித்தார்.

"சாமி, இன்னைக்குப் பிரசங்கத்துல ரெண்டு பிழை இருக்கு. ஒண்ணு சட்டப் பிழை, ஒண்ணு சங்கதிப் பிழை."

சாமியார் பொறுமைசாலி. "அப்பீல் எங்க போடப்போறீங்க?" என்றார்.

"அதைத்தான் யோசிக்கிறேன் சாமி."

"நேரா மேலேயே போட்டுடுங்க. அங்கதான் கேக்குறதுக்கு நேரம் இருக்கு."

பக்கத்தில் நின்றிருந்த கிளாஸ் சாரின் மனைவி ஸ்டெல்லா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மத்திகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவர். வகுப்பறையில் பிள்ளைகளை அடக்கும் குரல் அவருக்கு இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் அந்தக் குரல் வெளியே வந்து நான் கேட்டதில்லை.

கிருஷ்ணகிரியில் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. முதல் நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இரண்டாவது நிமிடத்தில் நீதிபதி லுங்கி பதிலைப் படித்தார். மூன்றாவது நிமிடத்தில் நாங்கள் வராந்தாவில் நின்றோம். திரும்பி வரும் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்வரை சார் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். பிறகு, "ரெண்டு நிலத்துக்காரனையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சுப் பேசவிட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது தம்பி. சமரசம் கத்துக்கணும்" என்றார்.

சமரச வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பயிற்சி. நான் மனைவியாகவும் அவர் கணவராகவும் நடிக்க வேண்டும். நான் குறை சொல்ல வேண்டும், நான் சொன்னதை அவர் தன் வார்த்தைகளில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

"நீங்க எனக்கு நேரமே ஒதுக்குறதில்ல" என்றேன் மனைவியாக.

"என்னைக்கு? எத்தனை மணிக்கு?" என்றார் கணவர்.

பயிற்சியாளர் குறுக்கிட்டார். "சார், கேள்வி கேக்காதீங்க. அவங்க சொன்னதை மட்டும் சொல்லுங்க."

"அவங்க சொன்னதுக்கு ஆதாரம் இல்லைங்களே."

சாயங்காலம்வரை முயன்றார்கள். கடைசியில் அந்தப் பயிற்சியாளர் எங்களிடம் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். ஓசூர் வக்கீல்கள் அதை ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து கேண்டீனில் சார் என் எதிரே வந்து உட்கார்ந்தார். கையில் சமரச மையத்திலிருந்து வந்த அழைப்பு. ஸ்டெல்லா அக்கா மனு கொடுத்திருந்தார். விவாகரத்து கேட்கவில்லை. தனியாக இருக்க விடுங்கள் என்றுதான் கேட்டிருந்தார்.

"எனக்கு ஒரு வக்கீல் வேணும் தம்பி."

"நீங்களே பேசலாமே சார்."

"சொந்த வழக்குல நிதானம் இருக்காதுன்னு வகுப்புல சொல்லியிருக்காங்க" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. "அவ வீட்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

சமரச அறையில் பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சமரசம் செய்ய உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண் வக்கீல். அவர் கேட்டதும் ஸ்டெல்லா அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இவர் மேல குத்தம் எதுவும் இல்லைங்க மேடம். குடி கிடையாது, அடி கிடையாது. ஆனா நான் ஒரு வார்த்தை பேசினா அதுக்கு ஆதாரம் கேப்பாரு. ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லும்பாரு. சிங்காரப்பேட்டையில எங்கம்மா தவறிட்டாங்கன்னு போன் வந்துச்சு. நான் அழுதுக்கிட்டே வந்து சொன்னேன். 'யார் சொன்னா? அவங்க நேர்ல பாத்தாங்களா?'ன்னு கேட்டாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை.

மேடம் சார் பக்கம் திரும்பினார். "அவங்க என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்க சார்."

அவர் வாயைத் திறந்தார். கேள்வி ஒன்று வந்து தொண்டையில் நிற்பது எனக்கே தெரிந்தது. மூடிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கம்பெனி பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்வரை அப்படியே இருந்தார்.

"அவங்கம்மா செத்துட்டாங்கன்னு இவ அழுதா" என்றார். "நான் இவளை சாட்சி மாதிரி விசாரிச்சேன்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மேடம். இவ சொன்னதுல தப்பு எதுவும் இல்ல."

ஸ்டெல்லா அக்கா முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். நான் வக்கீல் வேலையைச் செய்ய நினைத்து, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று அவகாசம் கேட்க வாயெடுத்தேன். சார் என் கையை அழுத்தினார். "வேணாம் தம்பி. அவ கேட்டதைக் குடுத்துடலாம்."

எத்தனையோ வகுப்பு போனவர், அன்று ஒருநாள்தான் கற்றதைத் தப்பில்லாமல் செய்தார். அதனாலேயே அவர் வீடு காலியானது.

மத்திகிரியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் அக்கா வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார். சாமான் ஏற்றிய டெம்போவில் சாரும் போய், கட்டிலையும் பீரோவையும் இறக்கிக்கொடுத்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பி வந்தார். பிறகும் வகுப்புகளுக்குப் போனார். முதல் வரிசையில்தான் உட்கார்ந்தார். சந்தேகம் மட்டும் கேட்பதில்லை.

அடுத்த வருடம் சிறுநீரகம் கெட்டது. முகம் வீங்கி, படியேறவே முடியாமல் போனது. நான் அவர் வீட்டில் இருந்தபோதுதான் ஸ்டெல்லா அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். நேரே உள்ளே போய் அவர் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தார்.

"தனித்தனியா இருக்கிறதுன்னு ஒப்பந்தம் இருக்கு ஸ்டெல்லா" என்றார் சார், கட்டிலிலிருந்து.

"இருக்கட்டும். எந்திரிங்க" என்றார் அக்கா.

மத்திகிரி வீட்டில் சார் நான்கைந்து மாதம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் அக்கா பேசிக்கொண்டிருப்பார். பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ், வீட்டுக்காரம்மாவின் மருமகள், தண்ணீர் வராதது, சின்ன வயதில் அம்மாவோடு சந்தைக்குப் போனது. சார் தலையணையில் சாய்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மழை விடாத ஒரு வாரத்தில் இறந்துபோனார்.

இதை எழுதுவதற்கு முன் அக்காவைப் போய்ப் பார்த்தேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"சாரைப் பத்திப் பத்திரிகையில எழுதலாம்னு இருக்கேன்க்கா. அந்த ரூம்ல பேசினதையும் எழுதணும். உங்களுக்குச் சம்மதமா?"

கையிலிருந்த தாளுக்கு மதிப்பெண் போட்டு முடித்தார். "படிக்கிறவங்க சிரிப்பாங்க இல்ல?"

"சிரிப்பாங்கக்கா."

"எழுதுங்க தம்பி. சிரிக்கட்டும். நானும் சிரிச்சிருக்கலாம். கூட இருந்தப்போ தோணல."

கிளாஸ் சார் வருவது தெரிந்தால் நாங்கள் படிக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். பிடித்துக்கொண்டால் போன வாரத்து வகுப்பு முழுவதையும் ஒப்பிக்காமல் விடமாட்டார். இப்போது ஒளியவேண்டிய அவசியமே இல்லாமல் தினமும் நீதிமன்றத்துக்குள் நேராக நடந்து போகிறேன். எனக்கு அது பிடிக்கவே இல்லை.