பொட்டலத்துக்குப் பிடித்த குடை

சிவகாசி வெயிலில் தன் தலையைக் காயவிட்டு, கையில் இருக்கும் பொட்டலத்துக்குக் குடை பிடித்து நடந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆனைக்குட்டத்தில் உளுந்து விதைப்பவர். ஊருக்கே அவர் குடை அண்ணாச்சி. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

பொட்டலத்தில் இருப்பது ரைசோபியம் என்ற நுண்ணுயிர். விதையில் தடவி விதைத்தால், உளுந்தின் வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, காற்றில் இருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும். யூரியாவைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆனால் வெயில் பட்டால் செத்துவிடும். அதனால் பஸ்ஸில் நிழல் பக்கம் சீட்டு இல்லை என்றால் அண்ணாச்சி ஏறமாட்டார். ஒருமுறை பொட்டலத்தைத் தனி சீட்டில் வைத்திருந்தார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம்.

"உள்ள கோடிக்கணக்குல இருக்காக. அம்புட்டுப் பேருக்கும் கிழிக்க ஒங்க பையில டிக்கெட் இருக்கா?"

நான் பட்டாசு ஆலையில் இருபது வருஷம் வெயிலில் திரி காயப்போட்டவன். ஆலை மூடிக் கிடந்தபோது, மனைவி வீட்டு ஒரு ஏக்கரில் உளுந்து போடத் துணிந்தேன். அதுவும் பொய்த்தால் சோற்றுக்கு வேறு வழியில்லை. யாரிடமும் போய்க் கேட்கக் கூச்சம். அவராகவே வந்து ஒரு பொட்டலம் தந்தார். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். 'நிழலில்' என்று மூன்று முறை சொன்னார். நானும் மூன்று முறை தலையாட்டினேன். மறுநாள் காலை என் கை, பழக்கம் மாறாமல், விதையை மொட்டைமாடி வெயிலில் பரப்பிவிட்டது.

அண்ணாச்சி வந்து பார்த்தார். குடையை மடக்கிக்கொண்டு, இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"ஏலே, இது என்ன திரியா? உசுருலே."

வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. போய்விட்டார். மத்தியானம் புதுப் பொட்டலத்தோடு வந்து நின்றார். விருதுநகர்வரை பஸ்ஸில் போய் வாங்கியிருந்தார். மறுபடி தடவி, வீட்டுக்குள் சாக்கில் பரப்பினோம். ஜன்னல் வழியாக ஒரு கீற்று வெயில் உள்ளே நகர்ந்தது. அதற்கும் குடை பிடித்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினார். உள்ளே இளஞ்சிவப்பு.

"வேலை பாக்குறாக" என்றார், ஷிப்டைப் பார்வையிட்ட மேனேஜர் மாதிரி.

அந்த ஏக்கர்தான் அந்த வருஷம் எங்களுக்குச் சோறு போட்டது. அவரிடம் நன்றி சொல்லத்தான் வாய் வரவேயில்லை.

போன வாரம் அவர் வழக்கம்போல் பொட்டலத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு போனார். பின்னாலேயே போய் என் குடையை விரித்து அவர் தலைக்கு மேல் பிடித்தேன்.

"எனக்கு எதுக்குலே?"

"நீங்களும் காயக்கூடாதுல்ல, அண்ணாச்சி."

பஸ் ஸ்டாப்வரை இரண்டு குடைகளும் சேர்ந்தே போயின.