லிஃப்டும் ஏழாம் விதியின் பொருள்கோளும்

1. நான் ஓய்வுபெற்ற சட்ட வரைவாளன். இக்கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருப்பவன். இதன் சங்க விதிகளை எழுதியவன்.

2. தாங்கள் என் மகளின் கணவர். நான்காம் மாடியில் ஒரு வீட்டுக்கு உரிமையாளர். அயலூரிலிருந்து கைபேசி வழியே சங்கத்துக்குத் தலைமை தாங்குபவர்.

அன்புமிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு, இங்கு அனைவரும் நலம். மாறான சாட்சியம் கிட்டும்வரை தாங்களும் நலமென்றே கொள்கிறேன்.

லிஃப்ட் இனி வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும் என்று தாங்கள் கொண்டுவரும் தீர்மானத்தில் வாடகைக்கு இருப்போர் வாக்களிக்கலாமா என்பதே வழக்கு. தங்கள் வீட்டில் வாடகைக்கு இருக்கும் நர்ஸ் அம்மாவின் தகப்பனாருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. லிஃப்ட் பூட்டப்பட்டால் அவர் தெருவை ஜன்னல் வழியேதான் பார்க்கவேண்டும். ஏழாம் விதியோ, “இக்கட்டடத்தில் வசிப்போரே சங்கத்தை நடத்துவர்” என்கிறது. தாங்கள், “மாமா, நீங்க எழுதினப்ப வாடகைக்காரங்களே இங்க கிடையாது. உங்க மனசுல சொந்தக்காரங்கதானே இருந்தாங்க?” என்றீர்கள். இருந்தார்கள். ஆனால் பதிவு செய்யப்பட்டது விதி. என் மனம் அன்று. தரைத்தளத்துப் பல் டாக்டர், “எழுதினவரே உயிரோட இருக்காரு, கேட்டுட்டாப் போச்சு” என்றார். நான் வாயைத் திறந்ததும், “சார், அது உங்க சொந்தக் கருத்து” என்று அடைத்துவிட்டார். விசாரித்ததில், தரைத்தளம் முழுவதும் எழுதியவரின் நோக்கத்தை நம்புகிறது; நான்காம் மாடி நேர்ப்பொருளை நம்புகிறது; இடைப்பட்ட மாடிகள் காலத்துக்கேற்ற பொருளை, அதாவது முழங்காலுக்கேற்ற பொருளை, நாடுகின்றன. நர்ஸ் அம்மா மட்டும், “இதுதான் அர்த்தம்னு யார் சொல்றாங்களோ, அவங்க கையிலதானே சார் லிஃப்ட் சாவி இருக்கும்?” என்று கேட்டார். தங்கள் மாமியார், “தான் எழுதினதுக்குத் தானே அர்த்தம் தேடுறாரு மனுஷன். இதுக்கு ஒரு பென்ஷன் வேற!” என்கிறார்.

ஆகவே விதியைச் சொல்லுக்குச் சொல் படிக்கவேண்டும், எழுதியவன் உட்பட எவர் நோக்கமும் செல்லாது என்று கூட்டத்தில் வாதாட உள்ளேன். தாங்களும் மகளும் தேயாத மூட்டுகளோடு நீடு வாழ்க.

(ஒப்பம்) தங்கள் மாமனார்
சாட்சிகள்: தங்கள் மாமியார் (படிக்காமல்), பல் டாக்டர் (ஆட்சேபத்துடன்)

பி.கு.: இதை அஞ்சலில் சேர்க்குமுன் கூட்டம் முடிந்துவிட்டது. என் வாதம் வென்றது, வாடகைக்கு இருப்போரும் வாக்களித்தனர், லிஃப்ட் எல்லோருக்கும். உடனே நர்ஸ் அம்மா எழுந்து, “அப்போ இங்க வசிக்காதவரு எப்படி சார் தலைவரா இருக்கலாம்?” என்றார். பல் டாக்டரே கைதட்டினார். புதிய தலைவராக நர்ஸ் அம்மாவின் தகப்பனார் லிஃப்டில் இறங்கிவந்து பொறுப்பேற்றார். செய்தி கேட்டதிலிருந்து மகள் என் அழைப்பை எடுப்பதில்லை. எனவே மேற்கண்ட கடிதத்தில் சொற்களைத் தயவுசெய்து பொருட்படுத்தாமல், எழுதியவனின் நோக்கத்தை மட்டும் கருதுமாறு வேண்டுகிறேன்.