நீல பல்பு முனியாண்டி

நீல பல்பு எரியத் தொடங்கிய மூன்றாம் நாளே பக்கத்து வீட்டு நல்லம்மாள் மோப்பம் பிடித்துவிட்டாள்.

"இருளாயி அக்கா, ஆறு மணிக்கு கரண்டு வந்ததும் அண்ணே அந்த லைட்டையே மொறச்சிக்கிட்டு உக்காந்திருக்காரே, ஏன்லா?"

இருளாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் பத்துமலை, மலேசியாவின் சுங்காய்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவன். கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரு மரம் மூன்றாகத் தெரிந்தது. கருவிழி கூம்பாக முன்னால் தள்ளிக்கொண்டே வருகிறது, அதன்மேல் கெட்டி வில்லை மாட்ட வேண்டும் என்றார் ஈப்போ டாக்டர். அதற்குப் பயந்து, பாசாரில் மருந்து விற்றவனிடம் இந்த நீல பல்பை வாங்கி வந்துவிட்டான். நாற்பது நாள் பார்த்தால் கண் உள்ளே போய்விடுமாம்!

அதற்குள் டிரைவர்களுக்கான வருடாந்தரக் கண் சோதனை வந்துவிடும். அதை நடத்தும் தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளரான டிரெசர் அர்ச்சுனனுக்கு விஷயம் தெரிந்தால் டிராக்டர் போச்சு. மறுபடியும் செம்பனைக் குலை வெட்டப் போக வேண்டியதுதான்.

சன்னலை மறைக்க, கைக்கு அகப்பட்ட மஞ்சள் சேலையைக் கட்டினாள் இருளாயி. அதுவே வினையாகப் போயிற்று. மஞ்சள் துணி, உள்ளே நீல வெளிச்சம், கண் சிவந்து நீர் வடிய அசையாமல் ஓர் ஆள்.

"எந்த சாமி அக்கா எறங்கியிருக்கிறது?" நல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மு... முனியாண்டி" என்று உளறிவிட்டாள் இருளாயி.

மறுநாள் வாசலில் எலுமிச்சம்பழம், சுருட்டு, ஸ்டவுட் பீர் பாட்டிலோடு கூட்டம். பத்துமலை விரட்டப் பார்த்தான்.

"போங்கலா எல்லாரும்! ஏம்மா வீரம்மா, குறி கேக்க மூணு ஆம்பளைங்களையா கூட்டிக்கிட்டு வருவே?"

வீரம்மாவின் பின்னால் நின்றது அவள் புருஷன் ஒருவன்தான்.

"ஐயோ! செத்துப்போன அப்பாவும் அண்ணனும் கூடவே வாராங்களா சாமி!" என்று தடாலென விழுந்தாள்.

அப்புறம் கேட்பானேன்! தெலுக் இந்தானிலிருந்துகூட ஆள் வந்தது. பத்துமலையும் லேசாக ருசி கண்டுவிட்டான். ஸ்டவுட்டைச் சொல்கிறேன்.

சோதனைக்கு முதல் நாள் மாலை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வெள்ளைச் சட்டை உள்ளே வந்தது. சாட்சாத் டிரெசர் அர்ச்சுனனேதான்!

"எல்லாரும் வெளிய போங்க" என்று அதட்டிக் கதவைச் சாத்தினார். தொலைந்தோம் என்று இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரெசர் பத்துமலையின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"நீதான் காப்பாத்தணும் சாமி! கண் சோதனைப் பலகையில இருக்கிற எழுத்து எனக்கே மூணு வருசமா தெரியலை. டிரைவருங்க எதைப் படிச்சாலும் சரின்னு பாஸ் போட்டுக்கிட்டு இருக்கேன்!"