கரி அணைப்பவன் போட்ட கத்தரித் தோட்டம்

கரி பற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதற்காக எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள். நெய்வேலி டவுன்ஷிப்பில் சொந்தத் தோட்டத்தைப் பட்டப்பகலில், பதினைந்து விருந்தாளிகள் முன்னிலையில் எரித்த ஒரே ஆளும் நான்தான்.

பழுப்பு நிலக்கரிக்குத் தீப்பெட்டி வேண்டாம். குவித்துப் போட்டால் உள்ளுக்குள்ளேயே சூடேறி, ஒருநாள் தானாகப் புகைய ஆரம்பித்துவிடும். கரியைக் கொட்டிவைக்கும் யார்டில் அப்படி நடக்காமல் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பது என் வேலை. புதிதாக வரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்கு வகுப்பும் எடுப்பேன். "குவிக்காதே, மூடாதே, உள்ளே சூடு இருக்கான்னு பாரு" என்று குச்சியால் போர்டைத் தட்டித் தட்டிச் சொல்வேன். (போர்டில் ஒரு பக்கம் பள்ளமே விழுந்துவிட்டது.)

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பிளாக்கில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு குவார்ட்டர்ஸிலும் மருந்தடிக்காத காய்கறி விளைய வேண்டும் என்பது கொள்கை. ரிட்டயர்டான மாலதி டீச்சர்தான் தலைமை. செடி வைக்கப் பை கொடுத்தார்கள், நாற்றுத் தட்டு கொடுத்தார்கள், மக்கு உரம் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து, தெரிந்த விஷயத்துக்கெல்லாம் தலையாட்டி, தெரியாத விஷயத்துக்கு இன்னும் பலமாகத் தலையாட்டினேன்.

சேதி கேட்டு வந்தார் கலியமூர்த்தி அண்ணன். என் மனைவி செல்வியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை. அவர் பயிர் வைத்திருந்த கொல்லையை நிலக்கரிச் சுரங்கத்துக்காக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். முத்தாண்டிக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"எங்க கொல்லை முள்ளுக்கத்திரி வெத, சகல. கடசியா பழுக்கவுட்டு எடுத்தது."

"பாதி நீங்க வெச்சுக்குங்க அண்ணே."

"வெச்சிகினு நான் என்னா பண்றது? வாடவூட்ல ஒரு தொட்டி வெக்க எடமில்ல. இந்த வருசம் போடலன்னா மொளைக்காது. ஒனக்குத்தான் வூட்டுக்குப் பின்னால இம்மாம் எடம் கெடக்குது. நாலு பழம் பழுக்கவுட்டு வெத எடுத்துட்டா போதும், அப்புறம் தின்னு தீத்துடு."

"கவலையே படாதீங்க, நான் இருக்கேன்" என்றேன். இந்த 'நான் இருக்கேன்' என்ற வார்த்தையை நான் எப்போது சொன்னாலும் யாராவது உடனே என் வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

விதை முளைத்தது. அதில் என் பங்கு ஒன்றுமில்லை, செல்விதான் தண்ணீர் தெளித்தாள். அண்ணன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மொபெட்டில் வந்து, தட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒவ்வொரு நாற்றாகப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாவது இலை விட்ட அன்று, "முள்ளு வந்துட்ச்சி, சகல" என்று இலையைத் தடவிக் காட்டினார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது!

பழுப்பு நிலக்கரியிலிருந்து செடிக்கு ஒரு சத்து தயாரிக்கிறார்கள் என்றும், ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் போதும் என்றும் டீச்சர் வகுப்பில் சொன்னார். எனக்குள் இருந்த விஞ்ஞானி எழுந்து உட்கார்ந்துவிட்டான். கரியிலிருந்து எடுத்தது ஒரு ஸ்பூனே இவ்வளவு நல்லதென்றால், கரியையே போட்டால்? யார்டு கேட்டுக்கு வெளியே டீக்கடையில், அடுப்புக்கு வாங்கிப்போட்டுத் தூளாகிப்போன கரி இரண்டு மூட்டை கிடந்தது. எடுத்துப் போனால் போதுமென்று கடைக்காரரே தூக்கிவிட்டார்.

"ஏங்க, அது கரிங்க" என்றாள் செல்வி.

"உனக்கு சயின்ஸ் தெரியாது" என்றேன். (பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள் அவள். நான் ஐ.டி.ஐ.)

காய்ந்த இலை ஒரு அடுக்கு, சாணம் ஒரு அடுக்கு, கரித்தூள் ஒரு அடுக்கு என்று பின்சுவரை ஒட்டி இடுப்புயரத்துக்குக் குவித்தேன். மக்கட்டும் என்று தார்ப்பாயால் இழுத்து மூடினேன். கீழே வைத்தால் நத்தை தின்கிறது, மேலே இளஞ்சூடும் கிடைக்கும் என்று, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டு நாற்றுத் தட்டுகளை அடுக்கினேன். குவிக்காதே, மூடாதே என்று பள்ளம் விழுகிற மாதிரி போர்டைத் தட்டியவன்தான் இவ்வளவும் செய்தேன். யார்டில் கிடந்தால்தான் அது கரி, என் வீட்டுக்கு வந்துவிட்டால் உரம் என்று நினைத்துவிட்டேன் போல.

அடுத்த ஞாயிறு, குழுக் குடும்பங்கள் வீடு வீடாகத் தோட்டம் பார்க்க வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலேயே நாற்றுகள் தலை சாய்ந்திருந்தன. வெயிலுக்குத்தான் என்று தண்ணீர் தெளித்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். பதினைந்து பேர். கூடவே கலியமூர்த்தி அண்ணன், வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு. தன் கத்தரியைப் பார்க்க ஊரே வருகிறது என்ற நினைப்பு அவருக்கு.

"சார், அதுலேர்ந்து ஆவி வருதே" என்றார் மாலதி டீச்சர்.

"அது மக்குற சூடு டீச்சர். அப்படி வந்தாத்தான் நல்லா மக்குதுன்னு அர்த்தம்."

"ஒரு மாதிரி வாடை வேற வருது."

"சத்து டீச்சர், சத்து!"

அண்ணன் பலகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சுடுது சகல, மொதல்ல தட்ட எறக்கிடுவோம்" என்றார். பதினைந்து பேர் முன்னால் எனக்குப் பாடம் எடுப்பதாவது! "இருங்க அண்ணே, உள்ளே பாருங்க" என்று தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து வீசித் தூக்கினேன்.

உள்ளே காற்று போயிற்று. குப்பென்று ஒரு ஆள் உயரத்துக்குத் தீ.

இருபது வருடப் பயிற்சி பெற்ற நான் அந்த நொடியில் என்ன செய்தேன் தெரியுமா? "அய்யய்யோ, செல்வி!" என்று அலறிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். குழாயில் தண்ணீர் வரும் நேரமும் இல்லை. செல்வி விருந்தாளிகளுக்குக் கலக்கி வைத்திருந்த மோரைப் பானையோடு கொண்டுவந்து ஊற்றினாள். தீ கொஞ்சம் தயங்கி, தாளித்த மணத்தோடு மறுபடி எரிந்தது. கடைசியில் எங்கள் கம்பெனித் தீயணைப்பு வண்டியே வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு இறங்கிய பையன் என்னைப் பார்த்து நின்றுவிட்டான்.

"சார்... நீங்கதானே எங்களுக்கு கிளாஸ் எடுத்தீங்க?"

அவன் தீயை அணைத்து முடிக்கும்வரை எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர்கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நானும் அசடு வழியச் சிரித்துக்கொண்டே திரும்பினால், அண்ணன் அந்த ஈரச் சாம்பலில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். உருகி ஒட்டிப்போன தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. வேட்டியெல்லாம் கரி ஒட்டிவிட்டது. அது அவருடைய கொல்லைக்கு அடியிலிருந்து வந்த கரியாகக்கூட இருக்கலாம்.

"மாமா, வூட்ல கொஞ்சமாவது வெத இருக்குமா?" என்றாள் செல்வி.

"எல்லாத்தையும்தானேம்மா குடுத்தேன்."

பிறகு எழுந்து, கையைத் தட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. சட்டென்று குரலை உயர்த்தி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "எங்க சகலைக்கு அணைக்கிறதுக்கு சம்பளம், பத்த வெக்கிறதுக்கு போனஸ்!" மறுபடி சிரிப்பு.

அதற்குப் பிறகு நான் தேடாத இடமில்லை. பண்ருட்டி விதைக் கடைகளில் கேட்டேன். அவர் ஊர்க்காரர்கள் யார் யார் எங்கே குடிபோனார்கள் என்று விசாரித்துப் போய்க் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. எங்கோ கிடைத்த வேறொரு முள்ளுக்கத்தரியை, காயும் பழமுமாக ஒரு பை நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா குழம்பு வைத்தார். அண்ணன் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார். விதை எடுக்கவில்லை.

இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் இந்தக் கதையைச் சொல்வது அவர்தான். ஆவி, சத்து, தாளித்த மோர், ஒன்று விடமாட்டார். என்னைப் போலவே ஓடியும் காட்டுவார். எங்கள் வீட்டில் ரொட்டி கருகினால்கூட 'சத்து' என்றுதான் பெயர்.

போன மாதம் ஒரு காதுகுத்துப் பந்தியில், கதையைப் புதிதாகக் கேட்ட ஒருவர் சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பலக மேல என்னா செடிங்க வெச்சிருந்தாரு?"

அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

"ஏதோ கீரைங்க" என்றார்.

ஆறு வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன். அதில் ஒரு தடவைகூடக் கத்தரி வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரசம் கொண்டுவாப்பா என்றேன்.