கடைசி வரிசை மாப்பிள்ளை

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டி மணியடிக்கத் தொடங்கியது. பின்னால் யாரோ பெல்ட் போடவில்லையாம். ஒரு பெண் குரல் அதை இங்கிலீஷில், துக்கம் விசாரிக்க வந்தவளைப் போலத் தணிந்து சொன்னது.

முன்சீட்டில் இருந்த அமிர்தவள்ளி திரும்பவில்லை. நடு வரிசையில் இருந்த அவருடைய மகள் பிரிசில்லா கழுத்தை மட்டும் லேசாகச் சாய்த்து, "ஏங்க, பெல்ட்டு" என்றாள்.

"போட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றான் மூன்றாவது வரிசையிலிருந்து அவள் கணவன் கௌதம்.

மணி நிற்கவில்லை.

கௌதம் அந்தக் குடும்பத்தின் வீட்டோடு மாப்பிள்ளை. ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் அவர்களுடைய யூனிட்டில் குவாலிட்டி மேனேஜர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் குறை சொன்னால் அது கௌதம் கவனிக்காதது, சொல்லாவிட்டால் அது மாமியார் கவனித்தது. மற்றபடி பொறுப்பான வேலை.

வண்டி மைத்துனன் இன்பராஜின் தேர்வு. சுவர் பிளக்கில் செருகி சார்ஜ் ஏற்றலாம், பெட்ரோலும் குடிக்கும். அது சார்ஜ் ஏறும்போது ஸ்டிச்சிங் ஹாலில் பாதி மின்விசிறிகள் நின்றுவிடும், தையல்காரப் பெண்கள் அதன் விலையைத் தம் வியர்வையில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மின்சாரத்தில் ஓடும்போது சத்தமே வராது. பாலாற்றுப் பாலத்தில் போனால் வண்டி நின்றிருக்க, பாலம் பின்னால் நழுவிப் போவது போலிருக்கும். ரோட்டோரம் நடப்பவர்கள் யாரோ பிடரியில் ஊதியது மாதிரித் திடுக்கிட்டு ஒதுங்குவார்கள். அமிர்தவள்ளிக்கு இதெல்லாம் முக்கியமில்லை. மாதா கோயிலில் யார் கேட்டாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: "மூணு வரிசை."

அந்த மூன்று வரிசைக்கும் அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. முன்னால் டிரைவர் ஜியாவுல்லாவும் அவரும். நடுவில் ஒரு ஜன்னலுக்கு இன்பராஜ், மறு ஜன்னலுக்குப் பிரிசில்லா. இருவருக்கும் இடையே, பையருக்குக் காட்ட வேண்டிய தோல் சாம்பிள் சுருள், பெல்ட் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். கௌதம் கடைசி வரிசை.

"இத்த பின்னாடி போட்டா இன்னா?" என்று கல்யாணமான புதிதில் ஒரு தரம் கேட்டுப் பார்த்தான்.

"பினிஷான தோலு மாப்ள. மடிஞ்சா கோடு விழும்" என்றார் மாமியார். மாப்பிள்ளை மடிந்தால் கோடு விழாது என்பது சொல்லாமலே புரிந்தது.

சாம்பிளைத் தாண்டிப் போக முடியாததால் அவன் டிக்கி வழியாகத்தான் ஏறுவான். இறங்குவதும் அப்படியே, முதலில் பிருஷ்டம், பிறகு மிச்சம். போன மாதம் கணியம்பாடியில் அவன் சொந்த வீட்டு வாசலில், ஊர் பார்க்க அப்படி இறங்கியபோது பெரியப்பா பாண்டியன் சாவகாசமாகச் சொன்னார்: "நம்ம பையன் பார்சல்ல வந்துக்கிறான்." அன்று முதல் ஊரில் அவன் பெயர் பார்சல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தங்கை சுந்தரிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நின்று பார்ப்பார்கள். அண்ணனை மதிக்காத வீட்டில் தங்கையை யார் மதிப்பார்கள்? அம்மா போனில் அழாத குறையாகக் கேட்டிருந்தாள். சைடு கதவைத் திறந்து, மனிதனைப் போல இறங்கினால் போதும். நடு வரிசையில் ஓர் இடம். கௌதம் இந்த உலகத்திடம் வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகவே மணி அடித்தபோது அவனுக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. "இந்த சீட்டு ரிப்பேர் போலக்குது. நான் முன்னாடி வந்துடட்டா?"

ஜியாவுல்லா வண்டியை ஓரங்கட்டி, சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார். கௌதம் இறங்கினான், மணி நின்றது. ஏறினான், அடித்தது. அவன் இடத்தில் தண்ணீர் கேனை வைத்துப் பார்த்தார்கள், வண்டி வாய் திறக்கவில்லை. கேனை இறக்கிவிட்டு அவனை ஏற்றினார்கள். யாரோ பெல்ட் போடவில்லை என்று அந்தப் பெண் மறுபடி வருத்தப்பட்டாள்.

அமிர்தவள்ளி கண்ணாடி வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார். "வண்டி மேல குத்தம் இல்ல. மாப்ளகூட இன்னாவோ ஏறுது."

சீட்டு ரிப்பேர் என்றிருந்த விஷயம், மாப்பிள்ளை ரிப்பேர் என்று ஆனது இப்படித்தான்.

மறுநாள் கோயிலிலிருந்து ஃபாதர் வந்தார். சத்தம் கௌதம் ஏறினால்தான் வருகிறது என்பதால் அவனை உள்ளே உட்கார வைத்தே மந்திரிக்கச் சொன்னார்கள். ஃபாதர் பானெட்டில் தொடங்கி, கதவு கதவாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே டிக்கிப் பக்கம் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஜெபம் பாதியில் நின்றது. பிறகு அவசரமாகச் சிலுவை போட்டு, மிச்சத் தண்ணீரையெல்லாம் ஒரே வீச்சாகக் கௌதம் முகத்தில் வீசிவிட்டு டிக்கியை மூடினார். காபி கூடக் குடிக்கவில்லை. பூசைக்கு நேரமாகிவிட்டது என்றாராம், அது பிற்பகல் வேளை.

ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த கௌதமுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பேய் என்று முடிவாகிவிட்ட பிறகு, அது யார் என்பதையாவது நாம் முடிவு செய்யலாமே?

அன்று ராத்திரியே, சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தான். "அத்தை, சொன்னா நம்ப மாட்டீங்க. பின்சீட்டுல சொலூஷன் வாசனை வருது. மாமா சட்டையில வருமே, அதே வாசனை."

மாமா என்பது அமிர்தவள்ளியின் காலஞ்சென்ற கணவர் ஆரோக்கியசாமி. கைப்பட சொலூஷன் தடவி அப்பர் ஒட்டி அந்த யூனிட்டை வளர்த்தவர். குடும்பத் தலைவர் கடைசி வரிசையில் தனியாக வருகிறார் என்று தெரிந்தால், மனைவி சும்மா இருப்பாரா? தானே பின்னால் போய்க் கணவர் பக்கத்தில் உட்காருவார். முன்சீட்டு காலியாகும். கௌதமின் கணக்கு இதுதான்.

அமிர்தவள்ளி அழுதார். பிரிசில்லா அழுதாள். இன்பராஜ் போனைக் கூடக் கீழே வைத்தான். "அவர எப்புட்றா பின்னாடி உக்கார வெக்கிறது?" என்று அமிர்தவள்ளி விம்மினார். கௌதம் முன்சீட்டின் சாய்வை மனத்துக்குள் சரி செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஆரோக்கியசாமியின் சட்டம் போட்ட படம், சந்தன மாலையோடு நடு வரிசையின் நடுவில், பெல்ட் போட்டு அமர்த்தப்பட்டது. அங்கிருந்த தோல் சுருள் கௌதமின் மடிக்கு வந்தது.

"கோடு விழாம பாத்துக்கோ மாப்ள" என்றார் அமிர்தவள்ளி, திரும்பாமல்.

வண்டி கிளம்பியது. இருபுறமும் பிள்ளைகள் இருக்க, மாமா ஏசிக் காற்றில் மாலை அசைய சுகமாக வந்தார். கௌதம், செத்தவர்களுக்கு இருக்கும் மரியாதையைப் பற்றி ஆழ்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

வாணியம்பாடித் திருப்பம் வரை அந்தப் பெண் குரல் மட்டுமே பேசிக்கொண்டு வந்தது. கடைசியில் இன்பராஜ்தான் எல்லாருக்கும் தோன்றியதைச் சொன்னான்.

"அப்பா இங்க கீறாரு. அப்ப பின்னாடி கீறது யாரு?"

அதற்குப் பிறகு வண்டிக்குள் ஒரு குளிர் வந்தது. ஏசியைக் குறைத்தும் போகவில்லை. ஜியாவுல்லா உள்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார். பிரிசில்லா கழுத்தை லேசாகச் சாய்ப்பதையும் நிறுத்தினாள். நெடுநேரம் கழித்து, முன்னால் பார்த்தபடியே, பாதிக் குரலில் கேட்டாள்:

"ஏங்க, உங்க பக்கத்துல யாருனா இருக்காங்களா?"

"யாரும் இல்ல பிரிசி."

சொன்ன பிறகு கௌதம் பக்கத்து சீட்டைத் தொட்டுப் பார்த்தான். தொட்டிருக்க வேண்டாம். அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. கீழேயிருந்து ஒரு ரீங்காரம் கேட்டது. தேனீக்களின் சத்தம் போல, ஆனால் தேனீக்களுக்கு மூச்சு வாங்காது. இதற்கு மூச்சு வாங்கியது. அவன் கையை எடுத்துக்கொண்டு தோல் சுருளைக் கட்டிக்கொண்டான். இவ்வளவு நாளும் தான் கட்டிவந்த பேய்க்கதையைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்ட ஒருவனுக்கு, மாட்டுத்தோல்கூட ஒரு துணைதான்.

வீட்டில் அதன் பிறகு அவனோடு பேசுபவர்கள் கம்மியானார்கள். சாப்பாடு மேசையில் இருக்கும், பரிமாறியவர் இருக்கமாட்டார். யூனிட்டில் அவன் நடந்து போனால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று, அவன் போன பிறகு ஓடின. நிச்சயதார்த்தத்துக்கு வேறு வண்டியில் வந்துவிடேன் என்று அம்மாவே போனில் சொல்லிவிட்டாள். கணியம்பாடிக்கும் செய்தி போயிருந்தது. பேயோடு வரும் அண்ணனுக்குப் பார்சல் அண்ணன் எவ்வளவோ மேல்.

மாப்பிள்ளை வீட்டார் நின்று பார்க்கப் போகும் அந்த வாசலை நினைத்து நினைத்து, சனிக்கிழமை காலை அவன் ஒரு முடிவுக்கு வந்தான். பேயைத் துரத்த முடியாது. பேய் உட்கார இடமில்லாமல் செய்ய முடியும்.

"அத்தை, பின்வரிசையையே கழட்டிடலாம்."

அந்த வீட்டில் அவன் சொன்ன ஒரு யோசனைக்கு யாரும் மறுப்புச் சொல்லாதது அதுவே முதல் தடவை. பிரிசில்லா துணிந்து ஒன்று கேட்டாள். "அப்ப இவரு எங்கம்மா உக்காருவாரு?"

அமிர்தவள்ளி கொஞ்சம் யோசித்தார். மாமாவா மாப்பிள்ளையா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது போலத்தான் முகம் இருந்தது. ஆனாலும் மகளின் கண்ணைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "சரி, நடுவுல உக்காரட்டும். அப்பா படத்த மடில வெச்சுக்கட்டும்."

கௌதமுக்குக் கண் கலங்கிவிட்டது. நடு வரிசை. சைடு கதவு. மாமாவைக் கையில் ஏந்தியபடி மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இறங்குவது இன்னும் கௌரவம்தானே?

ஜியாவுல்லாவும் அவனும் மட்டும் வேலூருக்குக் கிளம்பினார்கள். முதல் முறையாக அவன் முன்சீட்டில் உட்கார்ந்தான். வழி முழுக்க மணி அடிக்கவே இல்லை.

"பாத்தீங்களா பாய், நான் முன்னாடி வந்தா ஒரு பேஜாரும் இல்ல."

ஜியாவுல்லாவின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன. உள்கண்ணாடி இன்னும் மேலே தூக்கியபடியே இருந்தது. கௌதம் அதைக் கீழே இறக்கினான். நடு வரிசையின் முதுகுக்குப் பின்னால் நேராகப் பின்கண்ணாடியும் அதற்கப்பால் ஓடும் சாலையும் தெரிந்தன. கோணம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டான்.

சர்வீஸ் சென்டர் பளிங்குத் தரையோடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. டேப்லெட்டை வைத்துக்கொண்டு சௌமியா என்ற இளம்பெண் வந்தாள். புன்னகை கம்பெனி கொடுத்தது, ஆனாலும் நன்றாகவே சிரித்தாள். கௌதம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னான். பேயை விட்டுவிட்டான், மணியை மட்டும் சொன்னான். நாளைக்குத் தங்கை நிச்சயதார்த்தம், இன்றைக்கே மூன்றாவது வரிசையைக் கழற்றித் தர வேண்டும், கழற்றிய சீட்டுகளை இங்கேயே வைத்துக்கொண்டாலும் சரி என்றான்.

அவள் வண்டியின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. பிறகு பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். கதவு சத்தமில்லாமல் மேலே போனது. அவள் உள்ளே பார்த்தாள். குனிந்து தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து ஜியாவுல்லாவைப் பார்த்தாள். ஜியாவுல்லா ஓர் அடி பின்னால் வைத்தார், அப்புறம் இன்னோர் அடி.

கம்பெனி கொடுத்த புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, அவள் கௌதமிடம் கேட்டாள்:

"சார், பிளக்-இன் மாடல்ல மூணாவது வரிசையே வராது, அந்த எடம் பூரா பேட்டரிதான். நீங்க இத்தினி நாளா எதுல உக்காந்து வந்தீங்க?"