எர்மீனியோவுக்கு இங்கிலீஷ் வந்த செவ்வாக்கிழமை

கதை கட்டறேனா? நல்லாயிருக்குடி ஒதீலியா, மாமியார் சொன்னா மருமகளுக்கு எல்லாமே கதைதான்! கீழ் வீட்டுல கரண்டி விழுந்தா இங்க மூணாவது மாடியில எனக்குக் கேக்கும். அங்க இருக்கற எர்மீனியோவுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. தெரியாத மாதிரி நடிச்சான்.

ஏன்னா? இந்த அமெரிக்காவுல, ஃபால் ரிவர் ஊர்ல, நம்ம போர்ச்சுகீசு ஜனத்துல ஒருத்தனுக்கு இங்கிலீஷ் வரும்னு தெரிஞ்சா அவன் தொலைஞ்சான். தெருவே அவனை ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் இழுத்துக்கிட்டு அலையும். உன் மாமனார் இருந்தாரே, மச்சானுக்காகப் பேசப் பல் டாக்டர்கிட்டப் போனவர், தன் பல்லைப் பிடுங்கிக்கிட்டு வந்தார். நல்ல பல்லு! அது கெடக்கட்டும்.

எர்மீனியோ மில்லுல இருபது வருஷம் அமெரிக்க மேஸ்திரிகிட்டத் திட்டு வாங்கியே இங்கிலீஷ் கத்துக்கிட்டவன். வீட்டுல மட்டும் வாயில்லாப்பூச்சி. டெலிபோன் அடிச்சா பொண்டாட்டியைக் கூப்பிடுவான், "இதலீனா, உனக்குத்தான்!" குழாய் ஒழுகுதா, பொண்டாட்டி பேசணும். பேரன் பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்களா, பொண்டாட்டி போகணும். இவன் சோபாவுல சாஞ்சு ரேடியோவுல இங்கிலீஷ்ல பேஸ்பால் கேப்பான். சிரிக்க வேண்டிய எடத்துல சரியாச் சிரிப்பான் வேற. அங்கதான் இதலீனாவுக்குப் பொறி தட்டுச்சு.

போன செவ்வாக்கிழமை ஜனத்தொகை கணக்கெடுக்கற பொண்ணு அவங்க வீட்டுக்கு வந்துச்சு. வீட்டுல என்ன பாஷை, யாருக்கு எவ்வளவு இங்கிலீஷ்னு ஒரு கட்டுக் காகிதம். ரொட்டி குடுக்கப் போன நானும் உக்காந்துட்டேன். எனக்குப் படிக்கத்தான் வராது, கேட்டாப் புரியும்.

"இவருக்கு இங்கிலீஷ்?"

"ஒரு வார்த்தை வராது," இங்கிலீஷ்லயே சொன்னா இதலீனா.

எர்மீனியோ நிம்மதியாக் காலை நீட்டினான்.

"வயசு?"

"எழுபத்தாறு."

அவனுக்கு அறுபத்திரெண்டு. காது செவந்துச்சு. வாய் தெறக்கல.

"வேலை?"

"சாப்பிடறது."

மென்னு முழுங்கினான்.

"குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

அதையும் முழுங்கினான். சுகம் போயிடுமே!

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"இப்ப ரெண்டு. சனிக்கிழமையிலேர்ந்து மூணுன்னு போட்டுக்கம்மா. எங்கம்மா சொந்த ஊர் அசோர்ஸ் தீவுலேர்ந்து வர்றா, நிரந்தரமா. இவர் கட்டிலை அம்மாவுக்குக் குடுத்துட்டு இவரை நிலவறையில படுக்க வெச்சிடுவேன். ரேடியோவைத் தூக்கிப் போட்டுடுவேன். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது."

எகிறிக் குதிச்சான் பாரு! "முடியாது! அந்தக் கெழவி குறட்டை கப்பல் சங்கு மாதிரி! என் வீடு, என் கட்டில், நான்தான் தலைவன், எனக்கு அறுபத்திரெண்டுதான்!" மூச்சு விடாம மூணு நிமிஷம், அத்தனையும் இங்கிலீஷ். மேஸ்திரி கத்துக்குடுத்த கெட்ட வார்த்தை ஒண்ணு விடல.

அந்தப் பொண்ணு பழசை அடிச்சிட்டு, 'மிக நன்றாக'ன்னு வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே ஒரு கட்டத்துல குறி போட்டுச்சு.

"அப்படியே அந்த மூணை ரெண்டாத் திருத்திக்கம்மா," இதலீனா சொன்னா. "எங்கம்மா ப்ளேன்ல ஏறவே மாட்டா."

"அடிப்பாவி!" போர்ச்சுகீசுல முனகினான்.

"இங்கிலீஷ்லயே சொல்லுங்க, அழகா வருது," டெலிபோனைத் தூக்கி அவன் மடியில வெச்சா.

அன்னைக்கு உக்காந்தவன்தான், இன்னும் பேசிக்கிட்டே இருக்கான். காலையில ஆஸ்பத்திரி, மத்தியானம் பள்ளிக்கூடம். ரெண்டாம் மாடிக்காரியோட பூனைக்கு உடம்பு சரியில்லைன்னு அதுக்கும் இவன்தான். தோ, படியேறி வர்றான். அடியே ஒதீலியா, தபால் பெட்டியில ஆறு மாசமாக் கெடக்கற இங்கிலீஷ் கடுதாசியெல்லாம் எடுத்துட்டு வாடி, அவனைப் படிக்கச் சொல்லலாம், சீக்கிரம்!