இருட்டுத் திரைக்குள் ஓர் அண்ணன்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நம்புகிறவர்கள் நல்லவர்கள். திண்டுக்கல்லில் அப்படிப்பட்ட நல்லவர்கள் நிறையப் பேர் இருந்ததால்தான் 2003-இல் எனக்கு வேலை கிடைத்தது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சின்னப் பயிற்சி மையம். காலை வகுப்புகள் முடிந்து, மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பேகம்பூரில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குத் திரும்பிவிடுவேன். அதன்பிறகு மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம்தான். ஆனால் அங்கே இருந்தது பூட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் கம்ப்யூட்டரையும் ஒரு விளையாட்டு சிடியையும் என்னிடம் விட்டுப்போனான். (“போரடிச்சா ஆடு” என்றான். போரடித்தது.)

விளையாட்டில், சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் பனிக்காட்டில் நடந்துகொண்டே இருப்பாள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் கதையைச் சொல்ல ஒரு வீடியோ ஓட வேண்டும். எனக்கு ஓடியது கன்னங்கரேல் என்ற திரை. சத்தம் மட்டும் கேட்கும். காற்று, காலடி, யாரோ அழுவது. நடுவே பேச்சும் உண்டு, எனக்குப் புரியாத ஏதோ ஐரோப்பிய மொழியில்.

கம்ப்யூட்டர் டீச்சரான நான் சும்மா இருப்பேனா? சிடியைப் பழைய பனியன் துணியால் துடைத்தேன். பற்பசை தடவித் துடைத்தேன். (யாரோ சொன்னார்கள். யார் என்று தெரிந்தால் இன்றும் சண்டைக்குப் போவேன்.) பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் இருந்த மென்பொருள்களையெல்லாம் ஏற்றினேன். அதுவரை ஒழுங்காக இருந்த பிரின்டர் வேலைநிறுத்தம் செய்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

ஒருநாள் மாலை நான்கு மணிக்கு வீட்டுக்கார ஜெய்த்தூன் அக்கா மாடியில் காய்ந்த துணியெடுக்க வந்தவர், அழுகைச் சத்தம் கேட்டு அறைக்குள் ஓடிவந்தார்.

“ஏம்புள்ள, யாரு அழுகுறது?”

“வெளையாட்டுங்கக்கா. கம்ப்யூட்டர்ல.”

“படத்தக் காணோம்?”

ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டீச்சரின் மானம் என்ன ஆவது? அதைவிட, அக்கா துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டிலில் என்னைத் தவிர ஒருவர் உட்கார்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

“இருட்டுக் குகைங்கக்கா. இந்தப் பொண்ணோட அண்ணன் காணாமப் போயிட்டானுங்க. உள்ள உக்காந்து அழுகுறான்.”

“அட அல்லாவே! அப்புறம்?”

அடுத்த நாளும் நான்கு மணிக்கு அக்கா வந்தார், துணி எதுவும் காயப்போடாமலேயே. ஒரு மாதம் தினமும் வந்தார். ஒவ்வொரு கருப்புத் திரைக்கும் நான் கதை கட்டினேன். அண்ணன் பனியில் வழி தவறினான், காய்ச்சலில் கிடந்தான், தங்கச்சி பெயரைச் சொல்லிப் புலம்பினான். மணிச்சத்தம் கேட்டால் “ஊர்த் திருவிழாங்கக்கா” என்பேன். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

என் அண்ணனின் போன் அக்கா வீட்டுக்குத்தான் வரும். முதலில் வாரம் ஒருமுறை வந்தது. அப்போது, கடைசியாக வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கடைசிக் கட்டம் நெருங்கியபோது அக்கா கேட்டார். “எல்லாம் இருட்டாவே இருக்கே புள்ள. அவனக் கண்டுபிடிக்கையிலயாச்சும் மொகம் தெரியுமா?”

பிரௌசிங் சென்டரில் மூன்று நாள் தேடினேன். விஷயம் இவ்வளவுதான்: திரைக்கான அமைப்பில் ‘ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்’ என்று ஒரு கோடு, அதில் ஒரு முள். முள்ளை வலது கோடியிலிருந்து இடது பக்கம் நகர்த்த வேண்டும். நகர்த்தினேன். ஒருமுறை நானே ஓட்டிப் பார்த்திருக்கலாம். பெருமை தாங்காமல் கீழே ஓடி அக்காவைக் கூப்பிட்டேன். அவர் நாத்தனார் நூர்ஜகானையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் கதை ஏற்கெனவே அத்துப்படி.

கடைசிக் கட்டம் முடிந்தது. படம் பளிச்சென்று வந்தது.

குகைக்குள் ஒரு கிழவனைக் கட்டிப்போட்டிருந்தார்கள். அழுதது அவன்தான். சிவப்புக் கோட்டுக்காரி அவன் முன்னாலேயே பெட்டியை உடைத்து, தங்கக் கிண்ணங்களைச் சாக்கில் போட்டாள். தடுக்க நீண்ட கையைக் காலால் எத்தினாள். திருவிழா மணி அடித்தது. அது காவலர்களைக் கூப்பிடும் மணி. அவள் சிரித்துக்கொண்டே கப்பலேறிப் போனாள்.

நூர்ஜகான்தான் முதலில் வாயைத் திறந்தார். “மைனி, இவ களவாணியில்ல?”

“அண்ணன் எங்க புள்ள?” என்றார் அக்கா.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? “அடுத்த சிடில வருவானுங்கக்கா.”

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “வா நூரு, அடுப்புல சோறு கெடக்கு” என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

பதினொரு நாள் நான்கு மணிக்கு யாரும் வரவில்லை. நான் அக்காவுக்குச் சத்தம் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். வீடியோக்கள் எல்லாம் இப்போது துல்லியமாக ஓடின. பார்க்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அக்கா இடியாப்பத் தட்டோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

“அதை அமத்திப் போடு. அந்தத் திருட்டுச் சிறுக்கி கதை எனக்கு வேணாம். நீ சொன்ன அந்தப் பயபுள்ள வீடு வந்து சேந்தானா, இல்லையா?”

மானிட்டரை அணைத்தேன். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் அழுகை வந்துவிட்டது. “வருவான் புள்ள. சாப்புடு” என்றார் அக்கா.

வந்தான். போன் செய்யாததற்கு வேலை மாறியது, நம்பர் எழுதிய டைரி தொலைந்தது என்று ஏதேதோ காரணம் சொன்னான். ஒன்றரை வருடம் கழித்து என் கல்யாணத்துக்குச் சிங்கப்பூர் வெயிலில் கருத்துப்போய் வந்து நின்றான். சாப்பாட்டுப் பந்தியில் நூர்ஜகான் அவனை மேலும் கீழும் பார்த்து, மிகுந்த கவலையோடு விசாரித்தார்.

“பனியில ரொம்ப நாளு கெடந்தீகளாமே தம்பி, இப்ப ஒடம்பு தேவலையா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சாம்பாரைப் பார்த்தேன். இன்றுவரை எங்கள் வீட்டில் யார் போனை எடுத்தாலும், அண்ணனிடம் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.